மன்னிப்பை யாரிடம் கேட்பது?

யூத மக்களின் புத்தாண்டுக்கு ரோஷ் ஹஷானா என்பது பெயர். ஆண்டின் தலை என்பது அச்சொல்லின் பொருள். திஷ்ரி மாதத்தின் முதல் இரு நாட்களும் அத்திருநாளுக்கு உரியவை. அவர்தம் கணக்கில் ஞாயிறு மறையும் பொழுதே நாள் தொடங்குவதாதலால், 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மாலையில் அவர்களுடைய 5786ஆம் ஆண்டு பிறந்தது. புத்தாண்டு என்றவுடன் புத்தாடையும் இனிப்பும் உறவினர் வருகையும் நம் நினைவுக்கு வரும். அவையெல்லாம் அங்கும் உண்டு. ஆயினும் அந்நாள் அவர்களுக்கு முதன்மையாகத் தீர்ப்பு நாள். மாந்தர் ஒவ்வொருவருடைய கணக்கும் அன்று இறைவன் திருமுன் எடுக்கப்படுகிறது என்றும், பத்தாம் நாளாகிய யோம் கிப்பூர் அன்று அத்தீர்ப்புக்கு முத்திரை இடப்படுகிறது என்றும் நம்புகின்றனர். தேர்வு உண்டென்றால் அதற்கு ஆயத்தம் வேண்டுமன்றோ? அந்த ஆயத்தத்துக்கென ஒரு மாதம் முழுவதையும் ஒதுக்கி வைத்திருக்கின்றனர். அம்மாதத்தின் பெயர் எலூல்.

பிற சமயத்தார் பண்டிகையைப் பற்றி நம் இதழில் எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். காரணம் ஒரு கேள்வி. பிறர்க்குத் தீங்கு இழைத்தவன் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே அக்கேள்வி. வினையை மன்னித்து நீக்கும் கடவுள் ஒருவர் உண்டென நாம் கொள்வதில்லை. செய்த வினை செய்தவனையே சாரும் என்பது நம் பாடம். ஆகவே, இறைவனிடம் அழுது வேண்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கருதும் சமயத்தார் ஓர் எளிய வழியைக் கண்டுகொண்டனர் என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. யூதர்களின் அறநூலோ அந்த எளிய வழியை அடைத்துவிட்டது. மன்னிக்கும் இறைவன் ஒருவர் இருக்கிறார் என்று உறுதியாக நம்பும் சமயமே, சில தவறுகளை அவரும் மன்னிக்க இயலாது என்று வகுத்து வைத்திருப்பது நாம் ஆழ்ந்து நோக்கத்தக்கதாகும்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் நூலில் அவ்விதி இடம்பெற்றுள்ளது. மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையே நிகழ்ந்த தவறுகளை யோம் கிப்பூர் நாள் தீர்க்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே நிகழ்ந்தவற்றை, துன்புற்றவன் மனம் ஆறும்வரை அந்நாள் தீர்க்காது என்பது அதன் கருத்து. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் மெய்யியலாருமான மைமோனிடீஸ் (1138–1204) இதனை மேலும் விளக்கினார். ஒருவனிடம் கவர்ந்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, அவனிடம் நேரில் சென்று மனத்தைக் குளிர்விக்கவும் வேண்டும் என்றார். சொல்லால் மட்டும் புண்படுத்தியிருந்தாலும் விதி அதுவேயாம். தொழுகைக் கூடத்தில் எத்தனை மணி நேரம் நின்று வேண்டினாலும், பக்கத்துத் தெருவில் இருப்பவனுக்குத் தர வேண்டிய விடையை இறைவனிடம் தந்துவிட முடியாது.

எலூல் மாதத்துக்கு 29 நாட்கள். கிழக்கு ஐரோப்பிய மரபினராகிய அஷ்கெனாசி யூதர், ஓய்வு நாளாகிய சனிக்கிழமைகளையும் புத்தாண்டுக்கு முந்திய நாளையும் தவிர்த்து, அம்மாதத்தில் நாள்தோறும் காலை வழிபாட்டில் ஷோபார் என்னும் கொம்பை ஊதுவர். ஸ்பெயின் மரபினராகிய செபார்டி யூதர் மாதத் தொடக்கம் முதலே விடியலுக்கு முன் எழுந்து செலிகோத் என்னும் இரங்கல் வேண்டுதல்களை ஓதுவர். அஷ்கெனாசியர் அதனைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னர்த் தொடங்குவர். உறங்குவோரே எழுமின், நும் செயல்களை ஆராய்மின் என்று அழைப்பது போன்றது கொம்பின் ஒலி என மைமோனிடீஸ் விளக்கம் கூறினார்.

ஆட்டுக்கிடாயின் கொம்பு என்றதும் நம் இல்லத்தார் முகம் சுளிப்பர், அது இயல்பே. ஆயினும் அக்கொம்பொலியைப் பற்றித் தல்மூது கூறும் செய்தி ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவ்வொலி எப்படி இருக்க வேண்டும் என்று ஆய்ந்த பெரியோர், அஃது அழுகையின் ஒலி போல் இருக்க வேண்டும் என முடிவு செய்தனர். யாருடைய அழுகை? சீசெரா என்பவன் இஸ்ரவேலரை ஒடுக்கிய படைத்தலைவன்; போரில் தோற்று ஓடியபோது கொல்லப்பட்டவன். மகன் இன்னும் திரும்பவில்லையே என்று பலகணி வழியே பார்த்துக் கதறிய அவன் தாயின் குரலே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அவள் அழுதது விம்மலா, புலம்பலா என்று ஐயம் எழுந்தமையால் இருவகையாகவும் ஊதிவிடுவது வழக்கமாயிற்று. தம் முன்னோர்க்கு ஈன்றோர் அழுத அழுகை எத்தனையோ இருக்க, பகைவனின் தாய் அழுததைத் தம் புத்தாண்டின் ஒலியாக ஏற்றுக்கொண்ட உள்ளத்தை நாம் வணங்கவே வேண்டும்.

வீட்டளவில் நடக்கும் ஆயத்தங்களும் பல. தொலைவிலுள்ளோர்க்கு மடல் எழுதும்போது நல்லாண்டுக்கு உரியவராக உம் பெயர் எழுதப்படுக என்று வாழ்த்துவர். வறியோர்க்கு வழங்கும் கொடையை மிகுதியாக்குவர். முன்னோர் கல்லறைக்குச் சென்று வருவர். புத்தாண்டுக்கு முந்திய நாள் காலையில் மூவரை நடுவராக அமர்த்தி, தாம் மேற்கொண்டு நிறைவேற்றாது விட்ட நோன்புறுதிகளிலிருந்து விடுதலை வேண்டுவர். விரதம் என்பதன் கனம் அறிந்த நமக்கு, எடுத்த விரதத்தை மூவர் கூடி அவிழ்ப்பதா என்று தோன்றும். ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். தனக்குத் தானே விதித்துக்கொண்டவற்றை மட்டுமே அந்த மூவர் அவிழ்க்கலாம். பிறர் ஒருவருக்குக் கொடுத்த வாக்கை, அவரை விட்டுவிட்டு யாரும் நீக்கிவிட முடியாது. இங்கும் அதே விதிதான் நிற்கிறது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வட்டமான ரொட்டி, மாதுளை, தேனில் தோய்த்த ஆப்பிள் ஆகியன இன்றியமையாதவை. ஆண்டு இனிதாக வேண்டும் என்பது தேனின் குறிப்பு. நாமோ தேனைத் தொடாதவர்கள். வாலாகாமல் தலையாக இருக்க வேண்டும் என்னும் குறிப்பில் சிலர் மீனின் தலையை வைப்பர். அவர்களுள்ளும் புலால் மறுத்தோர் அதற்கு ஈடாக முட்டைக்கோஸ் முதலியவற்றை வைத்துக்கொள்கின்றனர் என அறிந்து மகிழ்ந்தோம்.

இனி, தலையாய ஆயத்தத்துக்கு வருவோம். துன்புற்றவனைத் தேடிச் செல்லுதல் என்பதே அது. எப்படிச் செல்ல வேண்டும் என்பதற்கும் முறை உண்டு. முதன்முறை சென்று கேட்டும் அவன் மன்னிக்கவில்லையென்றால், அவனுடைய நண்பர் மூவரை உடன் அழைத்துச் சென்று வேண்ட வேண்டும். இணங்கவில்லையேல் வேறு மூவருடனும், அதன்பின்னும் வேறு மூவருடனும் செல்ல வேண்டும். அதற்குப் பின்னும் அவன் மறுத்தால் விட்டுவிடலாம். மன்னிக்க மறுத்தவன் மேல் அந்தக் குற்றம் சாரும். வேண்டப்படுபவன் கொடியவனாக இருத்தல் ஆகாது, எளிதில் மனம் ஆறுபவனாகவும் அரிதிற் சினப்பவனாகவும் இருக்க வேண்டும் என்பதும் விதியின் மறுபாதியாகும். துன்புற்றவன் தன் ஆசிரியனாயின் மட்டும் எல்லை மூன்று அன்று. அவன் மன்னிக்கும்வரை ஆயிரம் முறையாயினும் செல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பல்லாண்டு பணிபுரிந்த நமக்கு இவ்விதி மகிழ்ச்சியை விட அச்சத்தையே தருகிறது. ஆயிரம் முறை ஒரு மாணவனை நடக்க விடும் ஆசிரியர் எத்தகையவராக இருப்பார்? மாணவர் ஆசிரியரைப் போற்றுதல் போலவே ஆசிரியரும் மாணவரைப் போற்ற வேண்டும் என்று அதே மைமோனிடீஸ் வேறோரிடத்தில் எழுதியிருப்பது ஓரளவு ஆறுதல்.

தல்மூதில் ஒரு வரலாறு உள்ளது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலிலேயா நாட்டில் ரபி யூதா என்னும் பேராசானின் திருமுன் ராவ் என்னும் அறிஞர் மறைநூற் பகுதி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு பெரியவர் வந்தார். அவர் பொருட்டு ராவ் தொடக்கத்திலிருந்து மீண்டும் படித்தார். மற்றொருவர் வந்தார், மீண்டும் முதலிலிருந்து படித்தார். ஆசானின் மகன் வந்தார், மறுபடியும் அவ்வாறே. நான்காவதாக ரபி ஹனினா வந்தார். இத்தனை முறை திரும்பிச் செல்வதா என்று எண்ணி ராவ் அம்முறை திரும்பவில்லை. விட்ட இடத்திலிருந்து மேலே படித்தார். ஹனினாவின் மனம் புண்பட்டது. ராவ் யோம் கிப்பூருக்கு முந்திய நாளில் சென்று வேண்டினார். ஒருமுறை இருமுறை அன்று, பதின்மூன்று ஆண்டுகள் சென்றார். ஹனினா மனம் இரங்கவில்லை.

வகுப்புக்குக் காலந்தாழ்ந்து வரும் மாணவர் ஒவ்வொருவருக்காகவும் பாடத்தை மீண்டும் தொடங்கினால் பாடம் முடிவதெப்போது? ராவ் செய்ததில் குற்றம் உண்டென்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். ஆனால் மூவருக்குச் செய்ததை நான்காமவருக்குச் செய்யாதபோது, அந்த நான்காமவர் நெஞ்சில் என்ன நிகழும் என்பதையும் ஆசிரியர் அறிவார். செய்தவனின் நோக்கம் எத்தகையது என்பதைக் கொண்டன்றி, பட்டவனின் வலியைக் கொண்டு ராவ் தம் கடமையை அளந்தார். மூன்று முறைக்கு மேல் செல்ல வேண்டியதில்லையே என்று தல்மூதே கேட்டு, ராவ் தம்மளவில் கடுமையாக இருந்தார் என விடையும் கூறுகிறது. ஹனினா ஏன் மன்னிக்கவில்லை என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. ராவ் தலைமை பெறுவார் எனத் தாம் கண்ட கனவால் உணர்ந்த ஹனினா, அவர் பாபிலோனுக்குச் சென்று அங்கே கற்பிக்கட்டும் என்று கருதியே இணங்காதிருந்தாராம். அவ்வாறே ராவ் பாபிலோனில் சூரா என்னுமிடத்தில் பெரும் கல்விச்சாலை கண்டார். நமக்கு அவ்விளக்கம் மனநிறைவு தரவில்லை. பயன் நல்லதாய் முடிந்தது என்பதற்காக, பதின்மூன்று முறை ஒருவரை வாயிலில் நிறுத்தியது நன்றாகிவிடாது.

அதே இடத்தில் சொல்லப்படும் ரபி சேராவின் வழக்கமே நம் உள்ளத்துக்கு உகந்தது. தமக்கு ஒருவர் தீங்கிழைத்தால், சேரா அவர் கண்ணில் படும்படி அடிக்கடி அவ்வழியே நடப்பாராம். மன்னிப்புக் கேட்க விரும்பியும் கால் எழாமல் தயங்குபவர்க்கு வாய்ப்புத் தருவதற்காகத்தான். மன்னிப்பை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திராமல், அதைச் சுமந்துகொண்டு எதிரில் சென்றார் அவர். நம் குடும்பங்களில் அண்ணன் தம்பியர், ஓரகத்தியர் பேச்சின்றிப் பல்லாண்டு கழிப்பதைக் காண்கிறோம். இருவருக்கும் பேச விருப்பம் இருக்கும். முதலில் பேசுபவர் யார் என்பதே சிக்கல்.

2025இல் நம் தசலக்ஷண பருவம் முழுவதும் அவர்களது எலூல் மாதத்துக்குள்ளேயே அடங்கிற்று. பருவம் முடிந்தபின் நாமும் க்ஷமாவணி நாளில் ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்கிறோம். எவ்வுயிர்க்கும் என்று கேட்பது நம் பெருமை. அதன் பரப்பு யூதர் விதியினும் விரிந்தது. ஆனால் எல்லாரிடமும் கேட்பதென்பது, கேட்க வேண்டிய அந்த ஒருவரிடம் கேட்காமல் தப்பும் வழியாகவும் ஆகிவிடலாம். அச்சிட்ட அட்டை போய், இப்போது கைப்பேசியில் ஒரே வாசகம் நூறு பேருக்குப் போகிறது. நம்மிடம் எந்தப் பிணக்கும் இல்லாத தொண்ணூற்றொன்பது பேர் அதற்கு உடனே விடை எழுதுகின்றனர். நூறாமவர் எழுதுவதில்லை. மைமோனிடீஸ் சொன்ன மூவர் அந்த நூறாமவர் வீட்டுக்குத்தான் உடன் வர வேண்டியவர்கள்.

தவறு இன்னதென்று வெளிப்படச் சொல்லித்தான் கேட்க வேண்டுமா என்பது கடினமான வினா. லித்துவேனிய நாட்டு மரபைச் சேர்ந்த இஸ்ரேல் மேயர் காகன் 1873இல் புறங்கூறாமை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். புறங்கூறப்பட்டவன் அதனை அறியாமலே இருந்தாலும், அவனிடம் சென்று சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும் என்று அதில் எழுதினார். அவர் காலத்து அறவோராகிய இஸ்ரேல் சலாந்தர் இதனை ஏற்கவில்லை என்று அம்மரபினர் சொல்வர். அறியாதவனிடம் போய்ச் சொன்னால் புதிய புண் உண்டாகுமே, உன் மனச்சுமையை இறக்குவதற்கு அவன் நெஞ்சு சுமைதாங்கியா என்பது சலாந்தரின் கருத்து. நாம் சலாந்தரின் பக்கமே சாய்கிறோம். எனினும் மனம் முற்றும் ஒப்பவில்லை; சொன்னால் அவர் வருந்துவாரே என்னும் சாக்கில் மறைந்திருக்கும் கோழைகள் எத்தனை பேர்! அவருக்கு வருத்தம் வரும் என்று அஞ்சுகிறோமா, நமக்கு வெட்கம் வரும் என்று அஞ்சுகிறோமா என்பதை எலூல் மாதத்து விடியலில் தனித்திருந்து ஆராய வேண்டியதுதான்.

ஒருவருக்கு இழைத்த தீங்கை வேறொருவர் மன்னிக்கலாமா? இதற்குப் பிரெஸ்ட் நகரத்து ரபி ஒருவரைப் பற்றி ஆபிரகாம் யோசுவா ஹெஷல் எழுதிய நிகழ்ச்சியைக் கூறுவது பொருந்தும். ரயிலில் சீட்டாடிக்கொண்டிருந்த வணிகர் சிலர், தங்களோடு ஆட்டத்தில் சேராத எளிய தோற்றமுடைய ஒருவரை இழிவாகப் பேசி வெளியே தள்ளினர். ஊர் வந்து இறங்கியபோது அவர்தாம் புகழ்பெற்ற ரபி என்பது தெரிந்தது. தள்ளிய வணிகர் பதறிப்போய்ப் பலமுறை மன்னிப்புக் கேட்டும் ரபி இணங்கவில்லை. மென்மைக்குப் பெயர்பெற்றவர் இவ்வளவு கடுமையாக இருப்பதேன் என்று அவருடைய மகனே வியந்து கேட்டார். தாம் இன்னார் என்று தெரிந்திருந்தால் வணிகர் தள்ளியிருக்கமாட்டார். அவர் தள்ளியது பெயர் தெரியாத ஏழை ஒருவரை. அந்த ஏழையிடம் போய் அவர் மன்னிப்புக் கேட்கட்டும் என்பதே தந்தையின் விடை.

இக்கதை ஹெஷல் எழுதியது வேறொரு பெருங்கேள்விக்கு விடையாக. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் முகாமில் கைதியாக இருந்த சைமன் வீசென்தால், இறக்கும் தறுவாயிலிருந்த ஜெர்மானியப் படைவீரன் ஒருவனின் படுக்கையருகே அழைத்துச் செல்லப்பட்டார். யூதக் குடும்பங்களை ஒரு வீட்டில் அடைத்துத் தீ வைத்த படையில் தானும் இருந்ததைச் சொல்லி, யூதர் ஒருவரிடம் மன்னிப்புப் பெற்றே சாக வேண்டும் என்று அவன் மன்றாடினான். வீசென்தால் ஒரு சொல்லும் பேசாமல் வெளியேறினார். தாம் செய்தது சரியா என்ற கேள்வி அவரை விடவில்லை. அதனை அறிஞர் பலரிடம் கேட்டு, அவர்தம் விடைகளுடன் சூரியகாந்தி என்னும் பெயரில் நூலாக்கினார். அந்தப் படைவீரன்பால் நமக்கு இரக்கம் பிறக்கிறது. சாகும் பிள்ளையிடம் ஒரு நல்ல சொல் சொன்னால் என்ன என்று நம் நெஞ்சம் கேட்கிறது. ஆயினும் எரிந்துபோனோர் சார்பில் மன்னிக்கும் உரிமையை வீசென்தாலுக்கு யார் அளித்தது? அவர் கையில் இல்லாத ஒன்றையே அவன் கேட்டான். அவர் ஆறுதல் சொல்லியிருக்கலாம், மன்னித்திருக்க முடியாது.

நம் வயதினர்க்கு இது வெறும் வாதம் அன்று. எழுபதைக் கடந்தவர் வீட்டில் உள்ள முகவரிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கோடிட்டு அடித்த பெயர்களே மிகுதியாக இருக்கும். கேட்கப்பட வேண்டியவர் இறந்துவிட்டால் என்ன செய்வது? மைமோனிடீஸ் இதையும் விட்டுவைக்கவில்லை. பத்துப் பேரை அழைத்துக்கொண்டு இறந்தவரின் கல்லறைக்குச் சென்று, அவர்கள் முன்னிலையில், இறைவனுக்கும் இன்னாருக்கும் இன்ன தவறு செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தனியே சென்று மனத்துக்குள் அழுதுவிட்டு வருவதற்கு இடமில்லை. உடன் வருமாறு அழைக்கும்போதே பத்து வீட்டிலும் காரணம் கேட்பார்கள்.

பத்து ஆடவர் கூடினால்தான் முழுமையான கூட்டு வழிபாடு என்பதும் அவர்களுடைய மரபுவழி. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுப்பப்பெற்ற பரதேசி தொழுகைக் கூடத்தை நம்மில் பலர் சுற்றுலாவில் கண்டிருப்போம். கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பின்னாளில் அங்கே எஞ்சியிருந்த சிலர், வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளைச் சேர்த்தே பத்து என்னும் எண்ணிக்கையை நிறைத்தனர். கல்லறையில் நின்று சொல்லும் சொல்லுக்கும் அத்தகைய ஊரில் முன்பின் அறியாதவரே சாட்சியாக வேண்டியிருக்கும்.

இறந்தவருக்குப் பணம் கடன்பட்டிருந்தால் அதனை அவர் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். வாரிசு எவரும் அறியப்படவில்லையெனில், அத்தொகையை ஊர் நீதிமன்றத்தில் ஒப்படைத்து, அங்கேயே தவற்றையும் சொல்லிவிட்டு வர வேண்டும்.